ஸ்கீக்கு வைத்த சந்தனம்

சபரிநாதனுக்குப் பெண்டாட்டி மேல் பொறாமை. வெளியே சொல்லிக்கொள்கிற பொறாமையா இது? ஆபீஸில் ஒருவன் முந்திக்கொண்டால் நாலு பேரிடம் புலம்பலாம். கட்டிய மனைவி பனிமலையில் முந்திக்கொண்டால் யாரிடம் போய் அழுவது?

ஆசை என்னவோ அவனுடையதுதான். Y2K வேலை ஓய்ந்த அந்த ஜனவரியில், ஸ்கீ பலகைகளைக் காலில் மாட்டிக்கொண்டு பனிமலை ஏறி இறங்கப் பழக்கும் வகுப்பில் சேர்ந்தான். சனிக்கிழமைதோறும் கலிபோர்னியாவில் அவர்கள் இருந்த பிளசன்டனிலிருந்து டாஹோ ஏரி மலைப் பக்கம் போக வேண்டும். எச்-4 விசாவில் வேலைக்குப் போக முடியாமல் வீட்டில் இருந்த கண்மணியைப் பேச்சுத் துணைக்குத்தான் சேர்த்தான். வகுப்பில் ஏறுவதில் அவனை மிஞ்ச ஆளில்லை, கண்மணியைத் தவிர. இறங்குவதிலோ அவளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். "கண்மணியைப் பாருங்கள்" என்று பயிற்சியாளர் டக் எல்லோரிடமும் சொல்வார். சபரிக்கு வயிறு எரியும்.

வசந்தத்தில் ஷாஸ்டா மலை உச்சிக்கு டக் ஒரு குழுவைக் கூட்டிப் போகிறார். இந்த வகுப்பிலிருந்து ஒரே ஒருவருக்குத்தான் இடம். வரும் சனிக்கிழமை ஏற்றத்தைப் பார்த்து ஆளை முடிவு செய்வார். சபரியோ தான் போவதாக ஆபீஸில் ஏற்கெனவே அளந்துவிட்டிருந்தான்.

வெள்ளிக்கிழமை இருவருக்கும் சொந்த ஸ்கீ வீட்டுக்கு வந்தது. புதுப் பொருளுக்குப் பூஜை போடாமல் கண்மணி விடுவாளா?

"பனியத் தொடறது அடிப்பக்கந்தானுங்க, அங்கயே வெக்கறேன்" என்று இரண்டு ஜோடிக்கும் அடியில் சந்தனத்தைப் பட்டையாகப் பூசி, குங்குமம் வைத்தாள்.

ஏறும்போது பின்னால் வழுக்காமல் இருக்க, ஸ்கீயின் அடியில் ஸ்கின் என்கிற ரோமப் பட்டையை ஒட்டுவார்கள். அடிப்பக்கம் சுத்தமாக இருந்தால்தான் அதன் பசை பிடிக்கும். டக் இதைச் சொன்ன வகுப்பன்று கண்மணி காய்ச்சலில் படுத்திருந்தாள். இப்போது சபரி அதைச் சொல்ல வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான். காலையில் அவள் தயிர்சாதம் கட்டிக்கொண்டிருக்கையில் தன் ஸ்கீயை மட்டும் துடைத்துக் காரில் ஏற்றினான். சாமி குற்றமாகிவிடுமோ என்று கொஞ்சம் பயம் வந்தது. அவள் மேல் பரிதாபம் வரவில்லை.

பாதி ஏற்றத்தில் கண்மணியின் ஸ்கின் உரிந்து தொங்கியது. டேப் சுற்றிப் பார்த்தாள், அதுவும் நிற்கவில்லை. டக் அவள் ஸ்கீயைத் திருப்பிப் பார்த்து, இதென்ன மஞ்சள் என்று கேட்டார். தெரியாமல் செய்துவிட்டேன் என்று அவள் சொன்னது சபரியின் காதில் விழுந்தது. அவன் நிற்காமல் விறுவிறுவென்று ஏறினான். இவ்வளவு சந்தோஷமாக அவன் அந்த மலையில் ஏறியதே இல்லை.

ஸ்கீயைத் தோளில் சுமந்து, முழங்கால் பனியில் கடைசி ஆளாகக் கண்மணி மேலே வந்தாள். அப்போது அவன் இறங்குவதற்காகத் தன் ஸ்கின்னை உரித்துக்கொண்டிருந்தான். ஸ்கீயின் அடிப்பக்கம் பளிச்சென்று இருந்தது. அவள் அதைப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள். டக்கிடம் ஒன்றும் சொல்லவில்லை.

ஷாஸ்டா இடம் சபரிக்கே கிடைத்தது. எல்லோரும் கைதட்டினார்கள். அவளும் தட்டினாள்.

திரும்பும் வழியில் கார் சாக்ரமென்டோவைத் தாண்டியது. அவன்தான் பேச்சை ஆரம்பித்தான்.

"அடுத்த வருஷம் உனக்குத்தான் சான்ஸ் கண்மணி. நான் டக் கிட்ட பேசறேன்."

"அடுத்த வாரம் பனிச்சரிவு கிளாஸுங்க" என்றாள் அவள். "ஒருத்தர் பொதைஞ்சு போனா பார்ட்னர்தான் தேடித் தோண்டி எடுக்கோணும். பார்ட்னர மாத்திக் குடுங்கன்னு டக் கிட்ட சொல்லிட்டனுங்க."

"ஏன், நான் தோண்ட மாட்டனா?"

"தோண்டுவீங்களா?"

சட்டென்று ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். சபரி யோசித்தான். அவன் யோசிப்பதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.