மூன்று மணிக் கப்பல்

கிளம்பும் நேரத்துக்கு முன்பே தம்பி திரும்பும் நேரத்தைச் சொன்னான். அதுதான் கான்திதாவுக்கு உறுத்தியது.

"மூணு மணிக்கு ஒரு கப்பல் இருக்கு, அதுல திரும்பிடலாம்" என்றான் அனியெல்லோ தொலைபேசியில். அதன் பிறகே, காலை ஃபோர்மியா துறைமுகத்தில் எத்தனை மணிக்கு ஏற வேண்டும் என்றான். வீட்டு விஷயமாக ஒரு காகிதம், இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டும், வந்தால் சொல்கிறேன் என்றான். கடைசியாக, மதியச் சாப்பாட்டுக்குத் தன் மனைவி எர்சிலியா நெத்திலி பொரிப்பாள் என்றான். "ராத்திரி தங்கி சிரமப்படாத. வேலைய முடிச்சிட்டு நிம்மதியா வீட்டுக்குப் போ."

தம்பி இப்படிப் பேசி அவள் கேட்டதில்லை. அம்மா இறந்து பத்தொன்பது வருடங்களாக வென்தொத்தேனே தீவுக்கு அவள் போவதெல்லாம் காலையில் போய் மாலையில் திரும்புகிற பயணம்தான். ஒவ்வொரு முறையும் அவன் ஒரு ராத்திரியாவது இரு என்று கெஞ்சுவான். கணவனின் ரயில்வே ஷிப்ட், முழங்கால், பூனை என்று அவள் ஒவ்வொன்றாகச் சாக்குச் சொல்லுவாள். ஷிப்ட் ஓய்ந்துவிட்டது, முழங்கால் தேறிவிட்டது, பூனையும் செத்துவிட்டது. சாக்கு எதுவும் மிச்சமில்லாத நேரமாகப் பார்த்து, தங்க வேண்டாம் என்கிறான்.

கணவன் க்விரினோவிடம் சொன்னாள். கஸ்ஸினோ வழியாக ஓடும் இத்தாலிய ரயில்களில் முப்பத்தாறு வருடம் டிக்கெட் பரிசோதித்தவர் அவர். ஓய்வு பெற்றதில் சீருடை மட்டும்தான் கழன்றது.

"என்ன காகிதம்னு சொன்னானா?"

"வந்தா சொல்றேன்னான்."

"டிக்கெட் எடுக்காதவன் கூட அப்படித்தான் சொல்லுவான், அடுத்த ஸ்டேஷன் வந்தா காட்டுறேன்னு." அவர் செய்தித்தாளை மடித்து வைத்தார். "வீடு ரெண்டு பேர் பேர்லயும் இருக்கு. யார் இருக்கா? அவன். எத்தன வருஷமா? வர்ற ஜூனோட இருபது."

இருபது வருடம் ஒருவன் எஜமானைப் போல ஒரு வீட்டில் இருந்து, மற்ற பங்காளி ஏனென்று கேட்காவிட்டால் அனுபவ பாத்தியதையில் வீடு அவனுக்கே போய்விடும். காபிக் கடையில் ஒரு வக்கீலின் மைத்துனன் சொன்னதாக க்விரினோ விளக்கினார். மத்தியானம் வந்து சாப்பிட்டுப் போகிறவளை எந்த நீதிபதியும் விருந்தாளி என்றுதான் சொல்வார். தன் கட்டிலில் தூங்குகிறவளே உடைமைக்காரி.

"அதனால ஒரு ராத்திரி தங்கு. சண்ட போடாத. படு, தூங்கு, எழுந்திரு. அது போதும்."

அப்படித் தங்கினால் தம்பியைத் திருடன் என்று சொல்லாமல் சொல்வதாகிவிடும். தங்காவிட்டால், பிறந்த வீட்டின் பாதி அடுத்த கோடையில் கையைவிட்டுப் போகக்கூடும். இரண்டு நாள் யோசித்தாள். தீர்மானத்துக்கு வர முடியவில்லை. அதனால் இரவு உடையைச் சின்னதாக மடித்துக் கைப்பையின் அடியில் வைத்தாள். பெட்டி எடுக்கவில்லை. துறைமுகத்தில் சீட்டுக் கொடுக்கிற பெண் இன்றே திரும்புகிறீர்களா என்று கேட்டபோது, பின்னால் நிற்பவர்களுக்குக் கேட்காத குரலில், போவதற்கு மட்டும் போதும் என்றாள்.

அக்டோபர் கடல் அமைதியாக இருந்தது. சுற்றுலாக்காரர்கள் போய்விட்டதால் கப்பலில் தக்காளிக் கூடைகளும், எரிவாயு சிலிண்டர்களும், அவளைப் போல நாலைந்து பேரும்தான்.

கரையில் அனியெல்லோ நின்றிருந்தான். கன்னத்தில் முத்தமிடுவதற்கு முன் அவன் கண் அவள் கையைப் பார்த்தது. பெட்டி இல்லை என்று தெரிந்ததும் தோள் இரண்டும் தளர்ந்ததை அவள் பார்த்தாள்.

"கைய வீசிக்கிட்டு வந்துட்டியா கான்தீ, நல்லது" என்றான்.

நல்லதாம். ஏறுபாதையில் அவன் மழையைப் பற்றியும், கேப்பர் கொடியைப் பற்றியும், பக்கத்து வீட்டுக்காரனின் இடுப்பைப் பற்றியும் நிறுத்தாமல் பேசினான். சின்ன வயதிலிருந்தே அவன் வாயாடி அல்ல. எதையோ உடைத்துவிட்ட நாட்களில் மட்டும் அப்படிப் பேசுவான்.

வீட்டு வாசலில் எர்சிலியா மாவுக் கையோடு வந்து கட்டிக்கொண்டாள். பெரிய உடம்புக்காரி. அவள் தோளுக்கு மேலாகக் கான்திதா மொட்டைமாடிக் கொடியைப் பார்த்தாள். வெளிர் நீலத்தில் ஒரு மேலங்கி, ஆஸ்பத்திரித் தாதிகள் போடுவது, காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. எர்சிலியாவின் ஒரு கைகூட அதற்குள் போகாது.

"யாரோடது அது?"

"எது? அதுவா. காத்துல பறந்து வந்திருக்கும்" என்றாள் எர்சிலியா.

காற்றில் பறந்து வந்த துணி இரண்டு கிளிப் போட்டுக்கொண்டா காயும் என்று கான்திதா கேட்கவில்லை. கை கழுவப் போகிற சாக்கில் நடைபாதையின் கடைசிக்குப் போனாள். அங்கேதான் அவளுடைய அறை. அத்தையும் அவளும் இரண்டு கட்டில்களில் படுத்த அறை. கதவு சாத்தியிருந்தது. கைப்பிடியைத் தொட்டதும் பின்னால் அனியெல்லோ வந்து நின்றான்.

"அதுக்குள்ள போகாத. காரை உதிருது. தலையில விழுந்துடும்."

கதவின் கீழே தரை பெருக்கித் துடைத்த ஈரத்தோடு பளபளத்தது. காரை உதிருகிற அறையை யார் துடைக்கிறார்கள் என்பதையும் அவள் கேட்கவில்லை. கேட்காத கேள்விகள் சாப்பாட்டு மேசையில் அவளோடு வந்து உட்கார்ந்தன.

தீவின் சின்னப் பருப்பில் சூப், பிறகு நெத்திலி. சாப்பாட்டில் குறையில்லை. எர்சிலியா, மலைமேல் தனியாக இருக்கும் தன் அப்பாவைப் பற்றிச் சொன்னாள். கோடையிலிருந்து கிழவரால் நடக்க முடியவில்லை. யாராவது பக்கத்திலேயே இருக்க வேண்டியிருக்கிறது. இதைச் சொல்லும்போது அனியெல்லோ அவளை ஒரு பார்வை பார்க்க, எர்சிலியா உப்பு எடுக்க எழுந்தாள். கான்திதா ஒவ்வொரு நெத்திலியாகத் தலையைக் கிள்ளி வைத்தபடி, இந்த வீட்டில் தன்னை வைத்து என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று யோசித்தாள். சுவர்க் கடிகாரத்தை அனியெல்லோ மூன்று முறை பார்த்துவிட்டான். மணி இன்னும் இரண்டுகூட ஆகவில்லை.

பழம் வைப்பதற்கு முன்பே காகிதம் வந்தது. அச்சடித்த படிவம் அல்ல. கோடு போட்ட தாளில் அனியெல்லோவின் கையெழுத்து, பள்ளிக்கூடத்தில் அடி வாங்கிய அதே கோணல் எழுத்து. படிவம் தீர்ந்துவிட்டது, எழுதிக் கொடுத்தாலும் போலீஸ் நிலையத்தில் வாங்கிக்கொள்வார்கள் என்றான்.

போலீஸ் என்ற சொல்லைக் கேட்டதும் அவள் கைப்பையில் மூக்குக்கண்ணாடியைத் தேடினாள். கண்ணாடியின் காதில் மாட்டிக்கொண்டு இரவு உடையின் ஒரு கை வெளியே வந்தது. பூப்போட்ட பருத்தி, மணிக்கட்டில் சரிகை. மேசைக்கு மேல் தொங்கியது.

மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள்.

"தங்கறதுக்கு வந்தியா?" அனியெல்லோவின் குரல் இறங்கிவிட்டது.

"என் வீட்ல தங்கறதுக்குச் சொல்லிட்டு வரணுமா?"

"சொல்லலாம்ல. ஒளிச்சு எடுத்துட்டு வருவாங்களா?"

"நீ வேணாம்னு சொன்ன. அதான் ஒளிச்சேன்."

பதில் சொல்ல விடாமல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். முதல் வரியில் தெருவும் வீட்டு எண்ணும். இரண்டாவது வரி: அனியெல்லோ, இவ்வீட்டில் வசிப்பவர். மூன்றாவது வரியில் அவள் பெயர், பிறந்த தேதி, அதற்கு எதிரே ஒரே சொல். ஓஸ்பிதே.

விருந்தாளி.

அதற்குமேல் படிக்கவில்லை. காகிதத்தை மேசையில் வைத்து, விரலால் அந்தச் சொல்லை மூடினாள். க்விரினோ வாயால் சொன்னதைத் தம்பி மையால் எழுதியிருக்கிறான். அவளையே கப்பலேற்றி வரவழைத்து, அவள் கையாலேயே ஒப்புக்கொள்ளச் சொல்கிறான்.

"இதுல கையெழுத்துப் போட்டா எனக்கு இந்த வீட்ல என்ன மிஞ்சும்?" என்றாள். "அம்மா செத்த தேதி எனக்கும் ஞாபகம் இருக்கு அனியே. ஜூன் வந்தா இருபது வருஷம். வசிக்கறவன் நீ, விருந்தாளி நான். அப்படித்தானே?"

எர்சிலியா பழத்தட்டைக் கீழே வைத்தாள். "இத உனக்குச் சொல்லிக் குடுத்தது யாரு, டிக்கெட்காரரா?"

"யாரு சொன்னா என்ன? பொய்யா?"

அனியெல்லோவின் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. காகிதத்தை அவள் விரலுக்கு அடியிலிருந்து உருவிப் பின்பக்கம் திருப்பி வைத்தான்.

பின்பக்கத்தில் மூன்றாவதாக ஒரு பெயர் இருந்தது. மனானா, பிறப்பு ஜார்ஜியா நாடு, கடவுச்சீட்டு எண். அதற்கு எதிரேயும் ஓஸ்பிதே.

"முன்னாடி இருக்கறது நீ. இவள வீட்ல வெச்சுக்கறவ" என்றான். "பின்னாடி இருக்கறது வந்து தங்கியிருக்கறவ. வெளிநாட்டுக்காரங்க தங்கினா எழுதிக் குடுக்கணும். வீட்டுக்காரங்க ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும்னுட்டார் போலீஸ் அதிகாரி. நீ மூத்தவ, அறையும் உன்னோடது. அதான் உன் பேர்ல எழுதினேன்."

இத்தாலியர்கள் விருந்தாளியையும் வரவேற்று உபசரிப்பவரையும் ஒரே சொல்லால்தான் அழைக்கிறார்கள். வாய்ப்பேச்சில் யார் எது என்பது தானாகத் தெரிந்துவிடும். தாளில் தெரியாது. அச்சடித்த படிவம் என்றால் உபசரிப்பவருக்கு வேறொரு சொல்லைத் தேடி வைத்திருப்பார்கள். அந்தச் சொல் அனியெல்லோவுக்கு நினைவு வரவில்லை. வாயில் வந்ததை இரண்டு இடத்திலும் எழுதிவிட்டான்.

கான்திதா இரண்டு பக்கத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். பிறகு மெதுவாக எல்லாம் வரிசைக்கு வந்தது. நீல மேலங்கி, துடைத்த தரை, மலைமேல் கிழவர். எர்சிலியாவின் அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஒருத்தியைக் கூட்டி வந்திருக்கிறார்கள். கிழவருடைய வீட்டில் இருப்பதோ ஒரே அறை. அதனால் அந்தப் பெண்ணைக் கான்திதாவின் கட்டிலில் படுக்கவைத்திருக்கிறார்கள்.

"எத்தன நாளா?"

"மூணு மாசம்" என்றாள் எர்சிலியா, இம்முறை கண்ணைப் பார்த்து.

"மூணு மாசமா என் கட்டில்ல ஒருத்தி தூங்கறா. எனக்கு இன்னைக்குத்தான் தெரியுது. அதுவும் கையெழுத்து தேவைப்பட்டதால."

"கேட்டா வேணாம்னு சொல்லிடுவியோன்னு பயந்தோம்" என்றான் அனியெல்லோ.

"கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்."

வெளியே யாரோ கைவண்டி தள்ளிக்கொண்டு போகும் சத்தம். கான்திதாவுக்கு முதலில் வந்தது வெட்கம்தான், பூப்போட்ட கை இன்னும் மேசையில் கிடந்ததால். அதை உள்ளே திணித்தாள். திணிக்கும்போதே இன்னொன்று புரிந்தது. அவள் அந்த வீட்டின் சொந்தக்காரி என்று தம்பியே தன் கையால் எழுதிய தாள் இது. அதுவும் இருபது வருடம் முடிவதற்கு முன்பே. இதைவிட நல்ல காவல் அவளுக்குக் கிடைக்காது. ஒரு ராத்திரி தூக்கத்தைவிட இது பெரியது.

அப்படியென்றால் கையெழுத்தைப் போட்டுவிட்டு மூன்று மணிக் கப்பலில் போய்விடலாம். தங்கவேண்டிய காரணம் போய்விட்டது.

"ஒண்ணு மட்டும் சொல்லு அனியே. அந்த இருபது வருஷக் கணக்கு உனக்குத் தெரியாதா?"

தம்பி ஆரஞ்சுத் தோலை உரித்துக்கொண்டிருந்தான். உரித்து முடிக்கும்வரை நிமிரவில்லை.

"எனக்கும் எண்ணத் தெரியும்" என்றான்.

அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று அவளுக்குப் பிடிபடவில்லை. தெரிந்தும் உன் பெயரை எழுதினேன் என்கிறானா? தெரிந்துதான் இத்தனை நாள் காத்திருந்தேன் என்கிறானா? கான்திதா பேனாவை எடுத்தாள். தன் பெயருக்கு எதிரே இருந்த சொல்லின் மேல், இடம் போதாமல் நெருக்கி, 'வீட்டின் பாதி உடைமையாளர்' என்று எழுதினாள். பிறகு கையெழுத்திட்டு, தேதியை எண்ணால் எழுதாமல் எழுத்தால் எழுதினாள். தாளைத் தம்பி பக்கம் நகர்த்தினாள்.

அவன் அந்த நெருக்கிய எழுத்தை நிதானமாகப் படித்தான். பேனா மூடியை மாட்டினான், கழற்றினான். பிறகு போட்டான்.

அப்போது கதவைத் திறந்துகொண்டு ஒரு பெண் வந்தாள். ஐம்பது வயதிருக்கும், சின்ன உருவம், கையில் கிழவரின் காலி சாப்பாட்டுப் பாத்திரம். யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது முகங்களைப் பார்த்ததுமே மனானாவுக்குத் தெரிந்துவிட்டது. சொற்களைப் பொறுக்கிப் பொறுக்கிப் பேசினாள். இன்று ராத்திரி தான் கிழவரின் நாற்காலியிலேயே தூங்கிக்கொள்வதாகவும், அறையை இப்போதே காலி செய்துவிடுவதாகவும் சொன்னாள்.

"காலி பண்ண வேணாம்" என்றாள் கான்திதா. "ரெண்டு கட்டில் இருக்குல்ல?"

இரண்டாவது கட்டிலில் தன் பெட்டி இருக்கிறது என்றாள் மனானா.

"பெட்டிய இறக்கி வெச்சா போதும்."

அனியெல்லோ கடிகாரத்தைப் பார்த்தான். "கப்பலுக்கு இன்னும் அரை மணி நேரம் இருக்கு" என்றான். அது நினைவூட்டலா, வேண்டுகோளா? அவன் குரலிலிருந்து தெரியவில்லை.

"இவள வீட்ல வெச்சுக்கறவ நான்னு இப்பதான் போலீசுக்கு எழுதிக் குடுத்திருக்கேன்" என்றாள் கான்திதா. "வெச்சுக்கறவ ராத்திரி வீட்ல இல்லன்னா நல்லாவா இருக்கும்?"

எர்சிலியா சிரித்துவிட்டாள். அனியெல்லோ சிரிக்கவில்லை. கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்து, "இரு" என்றான். ஒரே ஒரு முறை. முன்பெல்லாம் கெஞ்சியவன்.

அறையில் காரை எங்கும் உதிரவில்லை. மனானா பெட்டியை இறக்கினாள். எர்சிலியா துவைத்த விரிப்போடு வந்தாள். மூன்று பெண்களுமாகக் கட்டிலுக்கு விரிப்பு போடும்போது கீழே துறைமுகத்தில் சங்கு ஊதியது. ஒருத்தரும் ஜன்னல் பக்கம் போகவில்லை.

"காலையில உனக்குக் காபி பாலோடயா, இல்லாமலா?" என்று எர்சிலியா கேட்டாள்.

விருந்தாளியிடம் கேட்கிற கேள்வி அது.

"நானே போட்டுக்கறேன்" என்றாள் கான்திதா, விரிப்பின் முனையை மெத்தைக்கு அடியில் செருகியபடி. "பொடி எந்த டப்பாவுல இருக்குன்னு மட்டும் சொல்லு."

எர்சிலியா சொன்னாள். சொல்வதற்கு முன், வாசலில் நின்ற புருஷனை ஒரு கணம் பார்த்தாள். கான்திதா அதையும் கவனித்தாள்.