வெள்ளிக்கிழமை ராகம்

ஃப்ளோரன்ஸ் அக்காவின் தமிழ் நோட்டு என் கைக்கு வந்தபோது அதற்கு ஏழு வயதாகியிருந்தது. பக்கத்துப் பேட்டையான பனைமரத்தொட்டியில், அக்கா காலேஜ் படித்தபோது பிறந்த நோட்டு. ராயபுரத்தில் இன்டர்மீடியட் வரை எட்டிப் பார்த்த நாலு வீடுகளில் தங்கி, காக்கித் துணியில் அட்டை தைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. இருநூறு செய்யுள், ஒவ்வொன்றுக்கும் பொருள், எந்த வருஷம் எந்தக் கேள்வி வந்தது என்ற விவரம், எல்லாம் மணி மணியான எழுத்தில் இருக்கும். அதை நெட்டுருப் போட்டவள் தமிழில் தோற்றதாகச் சரித்திரமே இல்லை. நான் முதல் வருஷத்திலேயே முக்கால்வாசியை முடித்துவிட்டேன்.

இரண்டாம் வருஷம் காலேஜ் திறந்த அன்று, தமிழ் எடுக்கும் சுகிர்தம் மிஸ் ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார்கள். பாடத்திட்டம் மாறிவிட்டது என்றார்கள். மனப்பாடத்துக்கு இனிப் பத்து மார்க்குதான். கட்டுரையைச் சொந்த வாக்கியத்தில் எழுத வேண்டும். முன்பின் பார்த்திராத பகுதியைக் கொடுத்துக் கேள்வி கேட்பார்கள். இதெல்லாம் போதாதென்று புதிதாக ஒரு வாய்மொழிப் பரீட்சை. வெளியிலிருந்து வருகிற பரீட்சகர் கொடுக்கும் உரைநடையை, பேசுகிற மாதிரி இயல்பாக வாசித்துவிட்டு, அவர் கேட்பதற்குப் பதில் சொல்ல வேண்டும். எழுத்தில் எத்தனை வாங்கினாலும் சரி, வாயில் தோற்றால் தமிழில் தோற்றதுதான்.



"அப்ப அந்த இருநூறு பாட்ட இன்னா பண்றது மிஸ்?" என்று என் பக்கத்திலிருந்த ஜெரினா எழுந்து கேட்டாள். "முழுங்கியாச்சே, இனிமே துப்பவும் முடியாதே."

"வச்சுக்கோ. நாளைக்குப் பிள்ளைங்களுக்குத் தாலாட்டாப் பாடலாம்" என்றார்கள் மிஸ்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எனக்கு அந்தத் தமிழ்ப் பரீட்சையில் என் கல்யாணம் இருந்தது.

என் அப்பா ஸ்டானிஸ்லாஸ் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். எண்ணூரில் இருந்த தன் தங்கைக்கு, அவள் மகனுக்கே என்னைக் கொடுப்பதாக நான் பாவாடை கட்டாத வயசிலேயே வாக்குக் கொடுத்துவிட்டார். எனக்கோ மனசு முழுக்க அருள்பிரகாசம். அவர் பேசின் பிரிட்ஜ் ரயில் ஷெட்டில் இன்ஜினுக்குக் கரி அள்ளிப் போடும் ஃபயர்மேன். அவர் முதலில் பார்த்தது என்னை அல்ல, கேட்டது என் குரலை. ஈஸ்டருக்கு முந்தின தவசு காலத்து வெள்ளிக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் பாடுகளின் வாசகம் நடக்கும். பெண்கள் பாயில் உட்கார்ந்திருக்க, ஒருத்தி ஆண்டவர் பட்ட பாட்டை ராகம் இழுத்து வாசிக்க வேண்டும். பத்து வயதிலிருந்து அந்த வேலை எனக்குத்தான். நான் வாசித்தால் கல்லும் கரையும் என்று தெருவில் சொல்வார்கள். ஒரு வெள்ளிக்கிழமை வேலை முடிந்து கரி படிந்த சட்டையோடு வந்த அருள், வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வாசகம் முடியும்வரை நின்றார். அடுத்த வெள்ளிக்கிழமையும் நின்றார்.

விஷயம் தெரிந்ததும் வீட்டில் மூன்று நாள் அடுப்போடுகூட யாரும் பேசவில்லை. நாலாம் நாள் அப்பாவே வாயைத் திறந்தார்.

"இந்தாமே பிலோமி. ஒயுங்கா படிச்சு இன்டர் பாஸ் பண்ணு. பண்ணிட்டா நீ டீச்சராவு, உன் இஸ்டத்துக்குக் கட்டிக்கோ. எண்ணூருக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். பெயிலானியோ, ரிசல்ட் வந்த மறு ஞாயித்துக்கிழமையே கோயில்ல எண்ணூர் கல்யாணத்துக்கு ஓலை படிச்சுருவேன். சரியா?"

"சரி நைனா" என்றேன் அன்று, தைரியமாக. ஃப்ளோரன்ஸ் அக்காவின் நோட்டு கையில் இருந்த தைரியம் அது. அது இப்போது போய்விட்டது.

வாய்மொழிப் பரீட்சைக்கு ஒத்திகை என்று சுகிர்தம் மிஸ் ஒவ்வொருத்தியையாக வாசிக்கச் சொன்னார்கள். எனக்கு வந்தது உப்பளத்தைப் பற்றிய பாடம். கடல் நீரைப் பாத்தியில் கட்டுவது, வெயிலில் காயவிடுவது, வாரிக் குவிப்பது. நான் எழுந்து நின்று தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன். இரண்டாவது வாக்கியத்திலேயே ராகம் வந்து உட்கார்ந்துகொண்டது. "பாத்தியிலே கட்டிய நீரானது... வெயிலிலே... வற்றி..." என்று என் குரல் தானாக இறங்கி, இழுத்து, நடுங்கியது. சிலுவைப் பாரம் தாங்காமல் உப்பு கல்வாரி மலை ஏறிக்கொண்டிருந்தது.

"அடியே, உப்பு எப்பம்மே செத்துச்சு?" என்றாள் ஜெரினா.

வகுப்பே மேஜையைத் தட்டிச் சிரித்தது. மிஸ் மட்டும் சிரிக்காமல், "உன் குரல் நல்ல குரல், பிலோமி. ஆனா இந்த ராகத்தோட போனா அவர் உன்னை மூணாவது வரியிலே நிறுத்திடுவார்" என்றார்கள்.

ராகம் இல்லாமல் எப்படி வாசிப்பது என்று எனக்கு நிஜமாகவே தெரியவில்லை. அச்சடித்த எழுத்தைக் கண்டால் வாய் அதைத்தான் செய்தது. சோப்பு விளம்பரம், டிராம் டிக்கெட்டின் பின்பக்கம், எல்லாம் ஆண்டவரைச் சிலுவையில் அறைந்த பெரிய வெள்ளிக்கிழமைதான்.

ஜெரினா வண்ணாரப்பேட்டைக்காரி. துறைமுகத்துக்குக் கயிறு விற்கிற மதார் சாகிபின் மகள். அவளுக்கு வாசிப்பது தண்ணீர் குடிக்கிற மாதிரி. அவள் சந்தில் பாதி வீட்டு ஆண்கள் பினாங்கிலும் ரங்கூனிலும் இருந்தார்கள். அவர்கள் எழுதுகிற கடிதங்களை எல்லாம் வாசித்துக் காட்டுவது அவள்தான்.

"நீ எழுத்தப் பாத்துப் படிக்கிற. நான் எழுதின ஆளு மூஞ்சிய நெனச்சுகினு படிப்பேன். அவ்ளோதான்" என்றாள். "சனிக்கிழம எங்க சந்துக்கு வா. ஜன்னத் மாமிக்கு லெட்டர் வந்துகீது. நீயே படி, பழக்கமாவும்."

போனேன். ஜன்னத் மாமியின் கணவர் தாவூது மூன்று வருஷமாகப் பினாங்கில் ஒரு மளிகைக் கடையில் வேலை பார்த்தார். மாமி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு என் எதிரில் உட்கார்ந்தார். மடியில் அரிந்து முடிக்காத வெண்டைக்காய். நான் தாளைப் பிரித்தேன்.

"அன்புள்ள ஜன்னத்துக்கு... தாவூது எழுதிக்கொண்டது... இவ்விடம் நான்..."

"யா அல்லா!" மாமி வெண்டைக்காயோடு எழுந்துவிட்டார். "மவுத்தா? எப்ப? யாரு எழுதினாங்க?"

"இல்ல மாமி, சொகமா கீறாராம், சொகமா கீறாராம்!" என்று ஜெரினா பாய்ந்து அவர் கையைப் பிடித்தாள். அதற்குள் பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு பேர் மார்பில் அடித்துக்கொண்டு வந்துவிட்டார்கள். அவர்களை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து, ஜெரினா அதே கடிதத்தை வாங்கி வாசித்தாள். தாவூது மாமாவுக்குப் பல்வலி போய்விட்டதாம். கருவாடு அனுப்பச் சொல்லியிருந்தார். மாமி அழுது முடித்த கண்ணோடு சிரித்தார். பிறகு என்னைப் பார்த்து, "நல்ல பொண்ணுதான். ஆனா இத்த எங்க வூட்டுப் பக்கம் கூட்டியாராத தாயீ" என்றார் ஜெரினாவிடம்.

டிராமில் திரும்பும்போது நான் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன். அந்த மாமியின் முகத்தில் நான் கொண்டுவந்த பயம் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

அடுத்த நாளிலிருந்து ஜெரினா சட்டம் போட்டாள். ராகம் வந்தால் ஒரு கிள்ளு. டிராமில், காலேஜ் மரத்தடியில், எங்கே வாசித்தாலும் இடது முழங்கைக்கு மேலே ஒரு கிள்ளு. பொங்கலுக்குள் அந்த இடம் நாவல்பழ நிறமாகிவிட்டது. என் பங்குக்கு நான் அவள் கட்டுரைகளைத் திருத்தினேன். அவள் எதை எழுதினாலும் "மற்றவை நேரில்" என்று முடித்துக்கொண்டிருந்தாள்.

தவசு காலம் வந்தது. பரீட்சை முடியும்வரை கோயிலில் வாசிக்கக் கூடாது என்று ஜெரினா சொல்லிவிட்டாள். அம்மா அடைக்கலமேரிக்கு அது தாங்கவில்லை.

"ஆண்டவரவிடப் பரீச்ச பெரிசாப் போச்சா ஒனக்கு?"

"இந்த ஒரு வருசம் மட்டும், யம்மா. பெரிய வெள்ளிக்கிழம நானே வாசிக்கிறேன்."

அந்த வெள்ளிக்கிழமைகளில் வேறொருத்தி வாசித்தாள். நான் வீட்டில் காதைப் பொத்திக்கொண்டு செய்தித்தாளை வாசித்தேன். ஒருநாள் டிராம் நிற்குமிடத்தில் அருள் சைக்கிளை நிறுத்தினார்.

"இன்னா பிலோமி, ரெண்டு வெள்ளிக்கிழமையா வந்து நின்னுட்டுப் போறேன். யாரோ படிக்கிறாங்க."

"பரீட்சைக்காக விட்டிருக்கேன்."

"எனக்காகத்தான் விட்டிருக்கேன்னு சொல்லேன். கொஞ்சம் நல்லாருக்கும்" என்று சிரித்தார். கரி போகாத நகங்களால் சைக்கிள் மணியைத் தேய்த்துக்கொண்டே, "முடிஞ்சதும் மறுபடி படிப்பல்ல?" என்றும் கேட்டார்.

மார்ச் மாதம் வாய்மொழிப் பரீட்சை. பரீட்சகர் மெலிந்த மனிதர், மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தார். அவர் நீட்டிய பக்கத்தில், வெள்ளத்தில் வீட்டை விட்டு வந்த ஒரு குடும்பம் ரயில் நிலையத்தில் ராத்தங்குகிறது. குழந்தைக்குக் காய்ச்சல். தாய் தன் புடவைத் தலைப்பை நனைத்து அதன் நெற்றியில் போடுகிறாள். அந்த வரி வந்தபோது என் தொண்டைக்குள் ராகம் திரண்டு வந்தது. நான் இடது முழங்கைக்கு மேலே கையை வைத்து அழுத்திக்கொண்டேன். ஜன்னத் மாமி எதிரில் உட்கார்ந்திருப்பதாக நினைத்தேன். அவரைப் பயமுறுத்தாமல் இதைச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். சொல்லிவிட்டேன்.

"அந்த அம்மா ஏன் அழவில்லை?" என்று கேட்டார் பரீட்சகர்.

எந்த நோட்டிலும் அதற்குப் பதில் இல்லை.

"அழுதா பிள்ளை பயந்துக்கும் சார். பிள்ளை தூங்கினப்புறம் அழுதிருப்பாங்க. அதை எழுதினவர் எழுதலை."

அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி என்னைப் பார்த்தார். பிறகு ஏதோ குறித்துக்கொண்டு, போகலாம் என்று தலையசைத்தார்.

பெரிய வெள்ளிக்கிழமை வந்தது. மண்டபம் நிறைந்திருந்தது. நான் புத்தகத்தைப் பிரித்து வாசித்தேன். தெளிவாக, பிழையில்லாமல், ஒவ்வொரு வார்த்தையும் புரிகிற மாதிரி. ராகம் வரவில்லை. கூப்பிட்டுப் பார்த்தேன், இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. கைக்குட்டை கொண்டுவந்த பெண்கள் அதை மடித்தபடியே வைத்திருந்தார்கள். ஆண்டவர் கீழே விழுந்தபோது முன்வரிசையில் ஒருத்தி கொட்டாவி விட்டாள்.

வெளியே அருள் நின்றுகொண்டிருந்தார். "நல்லாத்தான் இருந்துச்சு" என்றார், கீழே பார்த்து. "லெட்டர் படிச்ச மாதிரி."

சொல்லிவிட்டுச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். அடுத்த வாரம் பட்டணத்தில் டிராமையும் ஒரேயடியாக நிறுத்திவிட்டார்கள். தண்டவாளம் மட்டும் தெருவில் பளபளத்துக்கொண்டு கிடந்தது. பாஸாவேனோ இல்லையோ, அவர் எதைக் கேட்டு என்னிடம் வந்தாரோ அதை நானே கொடுத்துத் தொலைத்துவிட்டேன் என்று நினைத்து நினைத்து நான் இளைத்துப் போனேன்.

மே மாதக் கடைசியில் ஒரு காலை, அப்பா பேப்பரோடு வந்தார். எங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருவிலுமாக ஆறு பேர் எழுதியிருந்தோம். பேப்பர் வந்த சேதி கேட்டு எல்லா வீட்டு அம்மாக்களும் எங்கள் வாசலில் கூடிவிட்டார்கள். ஜெரினா ரிக்‌ஷாவில் வந்து இறங்கினாள். தெரு முனையில் அருளின் சைக்கிள் நின்றது.

"நீயே படிமே, எனக்குக் கண்ணு தெரியல" என்று அப்பா பேப்பரை என் கையில் திணித்தார்.  கிரேன் உச்சியிலிருந்து கப்பல் பேரைப் படிக்கிற கண் அது.

பொடி எழுத்தில் வெறும் எண்கள். நான் மேலிருந்து வாசித்துக்கொண்டே வந்தேன். ஜெரினாவின் எண் வந்தது. "அல்லா!" என்று அவள் என் தோளைப் பிடித்தாள். அடுத்த வரி. அதற்கடுத்த வரி. என் எண் அங்கே இருந்தது.

"நாலாயிரத்து... முந்நூற்று... அறுபத்து..."

என் குரல் இறங்கியது, இழுத்தது, நடுங்கியது. நான் கூப்பிடவில்லை, அதுவாக வந்தது. நிறுத்தவும் முடியவில்லை. எனக்குக் கீழே இருந்த எண்கள், யார் வீட்டுப் பிள்ளைகளுடையவையோ, அவற்றையும் அதே ராகத்தில் வாசித்துக்கொண்டு போனேன். அம்மாக்கள் ஒவ்வொருவராக முந்தானையை எடுத்தார்கள். பாஸான பிள்ளைகளின் தாய்மார்கூட அழுதார்கள்.

ஜெரினாவின் கை வழக்கம்போல என் முழங்கைக்கு வந்தது. கிள்ளப் போகிறாள் என்று நினைத்தேன். கிள்ளாமல் பிடித்துக்கொண்டாள்.

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்தார். தெரு முனையைப் பார்த்து, கப்பலில் இருக்கிறவனைக் கூப்பிடுகிற குரலில் கூப்பிட்டார்.

"டேய் அருளு! அங்கயே நின்னுகினு இன்னாடா கேக்குற? உள்ள வந்து கேளு!"