‘பாச்செம்’ நடுவே ஒரு மூச்சு

…இந்தக் கைதானே எழுதியது, வேறு எந்தக் கை எழுதும், வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள், என்று அவர் பென்சில் பிடித்த தன் விரல்களை யாரோ அந்நியருடைய விரல்களைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார், மேசைமேல் அவர் இசையமைத்த திருப்பலிப் பாட்டின் கடைசிப் பக்கம், இரண்டு வருஷமாகப் பரணில் கிடந்ததைத் தூசி தட்டி, ஞாயிற்றுக்கிழமை முதன்முறையாகப் பாடப்போகிறார்கள் என்று ஒரு வாரம் உட்கார்ந்து திருத்தமாகப் பிரதி எடுத்தது, அதில் கீழ்க்குரலில் பாடும் ஆல்டோ பெண்களின் வரியில், அமைதி என்று பொருள்படும் ‘பாச்செம்’ என்ற லத்தீன் சொல்லின் நட்டநடுவில், பா-வைத் தாண்டியதும், தலைக்குமேல் குட்டியாக ஒரு காற்புள்ளி. இங்கே மூச்சு வாங்கு என்று அர்த்தம். பாடகர் குழுவை நடத்தும் பல் டாக்டரம்மா சற்றுமுன் போன் செய்துதான் அவருக்கே தெரியும். “சார், ஆள் நாற்காலியில வாயைத் திறந்துகிட்டு இருக்காரு, சீக்கிரம் கேட்டுடறேன், பாச்செம் நடுவுல மூச்சுக்குறி இருக்கே, கை தவறிடுச்சா? நீங்க போய் வார்த்தையை உடைப்பீங்களா! மூணு மணிக்கு நகல் எடுக்கக் குடுக்கணும்.” போனை வைக்கப்போனவள், “அக்கா ஞாயித்துக்கிழமை வர்றாங்கதானே சார்? ஆல்டோவுல நாங்க மூணு பேரும் கொசு பறக்கிற மாதிரி இருக்கோம்” என்றாள். கேட்டுச் சொல்கிறேன் என்றார். யாரிடம் கேட்பது, எந்த வாயால் கேட்பது…

மகளின் பிரசவத்துக்கென்று ஒரு மாதம் என்று போன மனைவி இன்னும் திரும்பவில்லை, பேத்தி இப்போது சுவரைப் பிடித்து நடக்கிறாளாம், தினமும் போன் வருகிறது, மாத்திரை போட்டீங்களா, போட்டேன், கேஸை அணைச்சீங்களா, அணைச்சேன், சரி, சரி… சண்டை என்று ஒன்று நடந்திருந்தால் சமாதானம் என்று ஒன்று பேசலாம், நடக்கவே இல்லையே, இரண்டு வருஷம் முன்பு ஒத்திகையில் நடந்ததைச் சண்டை என்று யார் சொல்வார்கள்? இதே வரி, இதே பா, அங்கே அவள் மூச்சு அறுந்தது, அவர் கையை உயர்த்தி எல்லோரையும் நிறுத்தினார், நானூறு வருஷத்துப் பழைய முறையில் வாத்தியம் இல்லாமல் குரலை மட்டும் நம்பி எழுதுகிறவர், வார்த்தையை உடைப்பவர்களைக் கண்டாலே ஆகாதவர், “அமைதின்னு ஒரே ஒரு சொல், அதைக்கூட உன்னால முழுசாச் சொல்ல முடியலையா?” இருபது பேரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள், அவள் சிரித்ததால் அவரும் அதை நகைச்சுவை என்றே வைத்துக்கொண்டார். திரும்பி வரும்போது பாட்டுத்தாள் பையைத் தோள் மாற்றிக்கொண்டு, “என்னங்க, அந்த எடத்துல எனக்கு மூச்சு நின்னு போகுது, வேணும்னேவா செய்யறேன்?” என்றாள், அவர் தாளகதியைப் பற்றி ஏதோ விளக்கினார், தெருமுனை வரை விளக்கினார். அடுத்த வாரம் தலைவலி, அதற்கடுத்த வாரம் துணி ஊறுகிறது என்று ஒத்திகைக்கு வரவில்லை, அப்புறம் அவர் கேட்கவில்லை, பாட்டும் பரணேறிவிட்டது. முன்பெல்லாம், “நீங்க நானூறு வருஷம் லேட்டாப் பொறந்துட்டு என் உயிரை வாங்கறீங்க” என்பாள்… அந்தக் கேலிகூட எப்போது நின்றது?

ரப்பரை எடுத்தார், காற்புள்ளிமேல் வைத்தார். அழித்துவிட்டால் வரி சுத்தமாகிவிடும். அழிக்குமுன் ஒருமுறை பாடிப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது, இந்த வரியை அவர் வாய்விட்டுப் பாடியதே இல்லை, எல்லாம் மனசுக்குள் கேட்டு எழுதியது, மனசுக்கு நுரையீரல் ஏது. பென்சிலால் மேசையைத் தட்டிக்கொண்டு, தான் போட்ட அதே மெதுவான கதியில், ஒரு ஸ்தாயி கீழே பிடித்துப் பாடினார், பா என்று நீட்டினார்… நின்றுவிட்டது. இருமிக்கொண்டார். சாப்பிட்டவுடன் பாடினால் இப்படித்தான் என்று தண்ணீர் குடித்து, நிமிர்ந்து உட்கார்ந்து, நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டு மறுபடியும். அதே இடம். நூல் பிடித்தாற்போல அதே இடம். அப்படியானால் மூச்சு குட்டையில்லை… வரிதான் நீளமா? குழாய் சொட்டுவது சமையலறையிலிருந்து கேட்டது, தொட்டியில் ஒரே ஒரு தட்டு, ஒரே ஒரு டம்ளர்.

டாக்டரம்மாவைத்தான் கூப்பிடப் போனை எடுத்தார், விரல் வேறு எண்ணை அழுத்திவிட்டது, இன்றைக்கு இந்தக் கை சொன்ன பேச்சைக் கேட்பதாக இல்லை. “என்னங்க, இந்த நேரத்துல? உடம்புக்கு ஏதாவதா?” என்றாள் மனைவி, பின்னால் குழந்தை எதையோ தரையில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை என்று ஆரம்பிக்க நினைத்தார், வரவில்லை. “அந்த… பாச்செம்ல, பா-வுக்கு அப்புறம்… மூச்சு வாங்கிக்கலாம்.” “யாரு?” என்றாள். “நான் பாடிப் பாத்தேன்” என்றார், “என்னால முடியலை.” குழந்தையின் தட்டல் நின்றது, யாரோ அதைத் தூக்கியிருக்க வேண்டும். மறுமுனையில் அவள் மூச்சை உள்ளே இழுப்பது தெளிவாகக் கேட்டது, ஏதாவது சொல்வதற்காகவா, சும்மா மூச்சுதானா, குறுக்கே பேசப்போனவர் வாயை மூடிக்கொண்டார், தான் இத்தனை வருஷத்தில், அவள் மூச்சு வாங்கும் இடத்தில், ஒருமுறைகூடக் காத்திருந்ததில்லை என்று நினைத்தபடி…