ஊருக்குப் போனவர்கள்

ஆனந்தமேரியின் நோட்டுப்படி, தாமரை நகரில் பதினோரு வீட்டுக்காரர்கள் ஊருக்குப் போயிருந்தார்கள்.

முதலில் போனது இரண்டாம் தெரு மூலை வீடு. ஒரு மாதத்துக்கு நெட்டை நிறுத்தி வையுங்கள், திரும்பி வந்ததும் சொல்கிறோம் என்று அந்த வீட்டு மருமகள் வாசலில் நின்றபடியே சொன்னாள். மேரி அந்தப் பெயருக்கு நேராக 'ஊருக்கு' என்று எழுதிக்கொண்டாள். அடுத்த வாரம் எதிர்வீடு. அதற்கடுத்த வாரம் ஒரே நாளில் மூன்று வீடு. பரீட்சை லீவு, தம்பி கல்யாணம், குலசாமிக்குப் பொங்கல் என்று ஆளுக்கொரு காரணம் இருந்தது. ஐந்தாவது தடவை எழுதும்போதே அவளுக்குச் சந்தேகம் தட்டியது. ஆனாலும் எழுதினாள். எதிரில் நின்று ஒருவர் சொல்வதைப் பொய் என்று குறித்துக்கொள்ள அந்த நோட்டில் கட்டம் கிடையாது.

அந்த ஊர்ப்பக்கத்தில் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. கடையில் சேலை பிடிக்காவிட்டால்கூட, செத்த நேரத்தில் வருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் படியிறங்குவார்கள். மேரியும் அப்படித்தான். அதனால்தான் அவளுக்கு அந்தப் பொய் பொய்யாகக் காதில் விழ இவ்வளவு நாள் ஆனது.

திண்டுக்கல்லிலிருந்து செம்பட்டி போகிற சாலையில், பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் இருக்கிறது தாமரை நகர். நான்கு தெரு. நான்காம் தெருவோடு வீடுகள் முடிந்து தென்னந்தோப்பு தொடங்கிவிடும். இந்த நான்கு தெருவுக்கும் பதினைந்து வருடமாகக் கேபிள் டிவி கொடுத்தவர் சடையாண்டி. ஆறு வருடத்துக்கு முன்னால் அதே கம்பங்களில் கண்ணாடி இழை ஒயரை இழுத்து நெட்டும் கொடுத்தார். வசூல், புகார், பெட்டி மாட்டுவது, எலி கடித்த ஒயரை மாற்றுவது எல்லாம் மேரிதான். மாதம் ஐந்நூறு ரூபாய். அதோடு இலவசமாக எதுவும் வராது. கூப்பிட்டால் அரை மணியில் மேரி வருவாள், அவ்வளவுதான்.

பங்குனியில் பெரிய கம்பெனி வந்தது. மூன்று மாதம் சும்மா, அப்புறம் மாதம் நானூறு, கூடவே சினிமா பார்க்கப் பதினாலு ஆப். முதல் மூன்று தெருக்களிலும் பையன்கள் ஏணியோடு திரிந்தார்கள். நான்காம் தெருவுக்கு மட்டும் அவர்கள் போகவில்லை. மேரி ஒருநாள் ஏணிக்குக் கீழே நின்று காரணம் கேட்டாள். அந்தத் தெருவில் மொத்தமே ஆறு வீடு, பதினைந்து வீடாவது இருந்தால்தான் மேலே அனுமதி கொடுப்பார்கள் என்று பையன் மேலேயிருந்தே பதில் சொன்னான்.

அந்த ஆறு வீட்டில் நெட் வாங்கியிருப்பது கமர்ஜஹான் ஒருத்திதான்.

வெள்ளிக்கிழமை காலை சடையாண்டி மேரியை உட்காரச் சொன்னார். அவர் உட்காரச் சொன்னால் நல்ல சேதி இருக்காது. மேலே இருந்து லைன் கொடுக்கிறவர்களோடு போட்ட ஒப்பந்தம் மாதக் கடைசியோடு முடிகிறது. இன்னொரு வருடத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டும். போட்டுவிட்டால் வீடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் பன்னிரண்டு மாதமும் கட்டியே ஆக வேண்டும். இருபது வீடு இருந்தால் கையைக் கடிக்காது. அதற்கு ஒன்று குறைந்தாலும் அவர் சின்னாளபட்டிப் பக்கத்தில் சம்பாதிப்பதை இங்கே கொண்டுவந்து கொட்ட வேண்டும்.

"நோட்டைப் பார்த்துச் சொல்லாத. ஊருக்குப் போனவன் போகாதவன் கதையெல்லாம் வேணாம்," என்றார். "வீட்டுக்குள்ள போயி, பெட்டியில பச்சை லைட்டு எரியுதான்னு கண்ணால பார்த்துட்டு வா. எரியிறது இருபதுன்னா கையெழுத்து. இல்லேன்னா ஒயரச் சுத்திருவோம்."

"எம்புட்டு நாள் இருக்குண்ணே?"

"திங்கக்கெழம சாயந்தரம் வரைக்கும்."

நோட்டுப்படி ஊருக்குப் போகாதவர்கள் சரியாக இருபது பேர். மேரி அதை அவரிடம் சொல்லவில்லை. வெளியே வந்து ஸ்கூட்டியை எடுத்தபோது அவளுக்குத் தன் சம்பளம் முதலில் ஞாபகம் வரவில்லை. சின்னாளபட்டிப் பக்கம் வேலை இருக்கிறது, தூரம்தான் அதிகம். ஞாபகத்துக்கு வந்தவள் கமர்ஜஹான். கணவர் இறந்தபிறகு அவள் மஸ்கட்டில் இருக்கிற ஒன்பது பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்துத்தான் வீட்டை ஓட்டுகிறாள். தினமும் சாயந்தரம் ஐந்திலிருந்து ஏழரை வரை. தோப்பு மறைப்பதால் அந்தத் தெருவில் போன் சிக்னல் மொட்டை மாடிக்குப் போனால்தான் கிடைக்கும், அங்கேயும் பாதி நேரம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒயர் போய்விட்டால் அந்த ஒன்பது பிள்ளைகளும் வேறு டீச்சரைப் பார்த்துக்கொள்வார்கள்.

ஆகவே, ஒன்றிரண்டு கூடுதலாக இருக்கட்டும் என்று மேரி முதலில் ஊருக்குப் போனவர்களின் வீடுகளுக்குத்தான் போனாள். மூன்றாம் தெருவில் கொடைரோட்டுக்குக் கல்யாணத்துக்குப் போன குடும்பம் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அவளைக் கண்டதும் அந்த வீட்டுக்காரர் கையில் சோற்றோடு எழுந்துவிட்டார். நேற்றுத்தான் வந்தோம், நாளைக்கு மறுபடி கிளம்புகிறோம் என்றார். அவர் தலைக்கு மேலே சுவரில் புதுக் கம்பெனியின் வெள்ளைப் பெட்டி மினுக்கிக்கொண்டிருந்தது. அதை மறைக்கிற மாதிரி அவர் ஒரு எட்டு நகர்ந்து நின்றார். மேரிக்கு அவரைவிட அதிகமாகக் கூச்சமாக இருந்தது. பத்திரமாகப் போய்வாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தாள். அந்த வீட்டுப் பெரியவர் வாசல்வரை வந்து, சாப்பிட்டுப் போகச் சொன்னார். பதினோரு வீட்டிலும் ஏறக்குறைய இதுதான் நடந்தது. யாரும் அவளைத் தண்ணீர் கொடுக்காமல் அனுப்பவில்லை.

சனியும் ஞாயிறும் பச்சை விளக்கைப் பார்த்தாள். பூசைக்குப் போய் வந்த கையோடு ஞாயிற்றுக்கிழமை ஏழு வீடு. ஒவ்வொன்றாக எரிந்துகொண்டிருந்தது. நான்காம் தெருவில் கமர்ஜஹான் வீட்டு விளக்கையும் பார்த்தாள். எதற்காகப் பார்க்கிறாள் என்று சொல்லவில்லை. திங்கட்கிழமை மதியம் பத்தொன்பது ஆகியிருந்தது. இருபதாவது சுந்தரம்மாள் வீடு. அதைப் பார்க்கவே வேண்டியதில்லை என்றுதான் கடைசிக்கு வைத்திருந்தாள்.

சுந்தரம்மாள் முதல் தெருவில் தோசை மாவு அரைத்துப் பாக்கெட் போட்டு விற்கிறவர். மாதம் பிறந்து ஐந்தாம் தேதி தவறாமல் பணம் தருகிற ஒரே வீடு அது. பணத்தோடு ஒரு பாக்கெட் மாவும் தருவார். பணத்தை அவரே வாசலுக்குக் கொண்டுவந்துவிடுவதால் மேரி உள்ளே போய்ப் பல மாதம் ஆகியிருந்தது.

அன்று உள்ளே போனாள். பெட்டி அதே பீரோவுக்கு மேலேதான் இருந்தது. அதன்மேல் ஈரிழைத் துண்டு போட்டு மூடியிருந்தது. கரண்டு ஒயர் சுருட்டி ரப்பர் பேண்டு போடப்பட்டிருந்தது. அது சொருகியிருக்க வேண்டிய பிளக் பாயிண்டில் பாக்கெட் ஒட்டுகிற மெஷின் சொருகியிருந்தது. அடுத்த அறையின் வாசலுக்கு மேலே வெள்ளைப் பெட்டி.

சுந்தரம்மாள் பின்னாலேயே வந்து நின்றார். கையில் மாவு ஒட்டியிருந்தது.

"எப்பருந்துங்கம்மா?" என்று மேரி கேட்டாள்.

ஓசூரில் வேலை பார்க்கிற மகன், போனிலேயே ஒரு வருடத்துக்குப் பணம் கட்டி, ஆளையும் அனுப்பிவிட்டான். கேமரா வைக்க அதுதான் தோது என்றானாம். சித்திரையில் மாட்டியது. இது ஆவணி. நாலு மாதமாக இந்த அம்மாள் பேசாமல் ஒளியில்லாத பெட்டிக்குப் பணம் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"சொல்லிருக்கலாம்ல?"

"என்னத்தச் சொல்ல? ஊருக்குப் போறேன்னா? நான் எந்த ஊருக்குப் போக, தினம் காலையில முப்பது பேரு மாவுக்கு வாசல்ல நிக்கிறாய்ங்க." அவர் சிரித்துப் பார்த்தார். மேரி சிரிக்கவில்லை. "ஏத்தா, அன்னிக்கு மழையில எம் மகன் வீடியோவுல எம் பேரனக் காட்டணும்னு நின்னப்ப, நனைஞ்சுக்கிட்டே கம்பத்துல ஏறி ஒயரு மாட்டுனவ நீ. ஒன்னய வாசல்ல வச்சு வேணாம்னு சொல்ல எனக்கு நாக்கு எழலத்தா."

மேரி வந்த விஷயத்தைச் சொன்னாள். இருபது வீட்டுக் கணக்கு, சாயந்தரக் கெடு, நான்காம் தெரு, ஒன்பது பிள்ளைகள். ஏன் சொன்னோம் என்று சொல்லி முடித்தபிறகு தோன்றியது. சுந்தரம்மாள் முழுதும் கேட்டுவிட்டு, பாக்கெட் மெஷினின் ஒயரைப் பிடுங்கினார். ரப்பர் பேண்டைக் கழற்றினார். பெட்டியின் பிளக்கைச் சொருகினார். முதலில் சிவப்பு மினுக்கியது. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக நான்கு விளக்கும் பச்சையாக நின்றன.

"இந்தா எரியுது. கண்ணால பார்த்துட்டீல்ல? எழுதிக்க."

மேரி பார்த்துக்கொண்டே நின்றாள். சடையாண்டி கேட்டது இதைத்தான். அவள் பொய் சொல்லவும் வேண்டாம். பேனாவை எடுத்து, நோட்டைத் திறந்து, பெயருக்கு நேரே வைத்தாள்.

எழுதினால் இன்னும் பன்னிரண்டு மாதம் இந்த வாசலில் வந்து நின்று ஐந்நூறு ரூபாய் வாங்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் உள்ளே பீரோவுக்கு மேலே துண்டு போர்த்திய பெட்டி இருப்பது இனி அவளுக்குத் தெரியும். மாவு பாக்கெட்டில் அவருக்கு நிற்பதே ஐந்து ரூபாய். அந்தப் பக்கம் இந்த நோட்டை நம்பி சடையாண்டி கையெழுத்துப் போடுவார். பத்தொன்பதிலும் இரண்டு வீடு அடுத்த மாதம் ஊருக்குப் போகும், அது அவளுக்கு அவர்கள் முகத்திலேயே தெரிந்துவிட்டது. இந்தப் பக்கம் கமர்ஜஹான். எந்தப் பக்கம் திரும்பினாலும் யாரோ ஒருவர் நல்லவராக நின்றுகொண்டிருந்தார். கெட்டவர் ஒருவராவது இருந்தால் சண்டை போட்டிருக்கலாம். அவளுக்குக் கால் வலித்தது.

பேனாவை மூடினாள். பிளக்கைப் பிடுங்கி, ஒயரைச் சுற்றி, பெட்டியைத் தூக்கிப் பைக்குள் வைத்தாள்.

சுந்தரம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் எங்காசக் குடுக்குறதுல ஒனக்கு எங்கடி வலிக்குது? அந்தப் பிள்ளைக்குன்னு குடுத்துட்டுப் போறேன்."

"ஒரு மாசம்னா வாங்கிக்குவேம்மா. வருசம் முழுக்க எப்படிம்மா?"

சுந்தரம்மாள் பாக்கெட் மெஷினை மறுபடி சொருகினார். மேரி செருப்பு மாட்டும்போது பின்னாலேயே வந்து, வழக்கமான மாவு பாக்கெட்டை, கொடுக்கிறேன் என்றுகூடச் சொல்லாமல், ஸ்கூட்டியின் கொக்கியில் மாட்டிவிட்டுப் போனார்.

சடையாண்டி கடையில் போனில் பேசிக்கொண்டிருந்தார். அவர் முடிக்கும்வரை மேரி காத்திருந்து, பெட்டியை மேசைமேல் வைத்து, பத்தொன்பது என்றாள். எந்த வீட்டுப் பெட்டி என்று கேட்டார். சொன்னாள். அந்த அம்மா போன வாரம்தானே பணம் கொடுத்தது என்று கேட்டார். அதையும் சொன்னாள்.

அவர் கொஞ்ச நேரம் பெட்டியின் மேல் ஒட்டியிருந்த உலர்ந்த மாவை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"இருபதுன்னு சொல்லிருந்தா நான் வந்து பார்க்கவா போறேன்?"

"அதான்ணே சொல்லல."

அவர் தலையை ஆட்டினார். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் அவளுக்கு ஒரு டீ சொன்னார். முப்பதாம் தேதி ஒயரைச் சுற்றிவிடலாம், அதற்குள் எல்லா வீட்டுக்கும் சொல்லிவிடு, பெட்டிகளை மறக்காமல் கழற்றிக்கொண்டு வா, ஒன்றாம் தேதியிலிருந்து சின்னாளபட்டி என்றார்.

முதலில் நான்காம் தெருவுக்குப் போய்விட வேண்டும் என்று மேரி நினைத்தாள். தள்ளிப்போட்டால் சொல்ல வாய் வராது. போனபோது மணி ஐந்தே முக்கால். முன்னறையில் மடிக்கணினிக்கு எதிரே கமர்ஜஹான் உட்கார்ந்திருந்தாள். பின்னால் சுவரில் சின்னக் கரும்பலகை. மேரியைக் கண்டதும் பிள்ளைகளிடம் இரண்டு கணக்கைப் போடச் சொல்லிவிட்டு, துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு வாசலுக்கு வந்தாள்.

மேரி வழியெல்லாம் வரிசைப்படுத்தி வைத்திருந்தாள். முதலில் ஒப்பந்தம், பிறகு இருபது வீடு, பிறகு கம்பெனிப் பையன் சொன்னது. ஆனால் பேச ஆரம்பித்ததும் எல்லாம் முன்பின்னாகிவிட்டது. சுந்தரம்மாள் பெட்டியையும் நடுவில் சொல்லிவிட்டாள். நான் எழுதியிருந்தால் உனக்கு லைன் இருந்திருக்கும் என்பதுவரை சொன்னாள்.

கமர்ஜஹான் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். ஒருமுறை மட்டும் உள்ளே மடிக்கணினிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, வெயில் இன்னும் இறங்கவில்லையே என்றாள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். மேரி குடித்து முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"நானே உங்ககிட்டச் சொல்லணும்னுதான் இருந்தேன்க்கா," என்றாள். "நாங்க ஊருக்குப் போறோம். அண்ணன் வீட்டுக்கு. வர ரெண்டு மூணு மாசம் ஆகும். எப்படியும் நிறுத்தத்தான் சொல்லிருப்பேன். நீங்க மனசுல வச்சுக்காதீங்க."

உள்ளேயிருந்து ஒரு சின்னக் குரல், மிஸ், நான் முடிச்சுட்டேன், அடுத்த கணக்கு சொல்லுங்க என்றது. இன்னொரு குரல், நானும் மிஸ் என்றது.

"வாரேன்டா, அழிச்சிராதீங்க," என்று கமர்ஜஹான் உள்ளே பார்த்துச் சொன்னாள்.

மேரி நோட்டை எடுத்தாள். அந்தப் பெயருக்கு நேராக 'ஊருக்கு' என்று எழுதினாள். கமர்ஜஹான் அவள் எழுதுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பெட்டியை முப்பதாம் தேதி வந்து கழற்றிக்கொள்வதாக மேரி சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல், ஸ்கூட்டியின் கொக்கியில் தொங்கிய மாவு பாக்கெட்டை எடுத்து வாசற்படியில் வைத்தாள்.

"ஊருக்குப் போயிட்டு வந்ததும் சொல்லு," என்றாள். "பெட்டி இங்கயே இருக்கட்டும்."