ஷெய்லார் வரைக்கும் சொல்லவில்லை

தொலைபேசி அழைப்பு வந்தபோது பிளாந்தின், லெ ஒலியேர் கிராமத்தின் பழைய ரயில் நிலையத்துக்கு முன்னால் நின்று கையுறை மாட்டிக்கொண்டிருந்தாள். தம்பி ரெஜீஸ் சற்றுத் தள்ளிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தன் சைக்கிளின் தடித்த டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை இறக்கிக்கொண்டிருந்தான். சரளையில் ஓட்டுவதற்கு டயர் தளர்வாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சாயங்காலத்துக்குள் முதுகெலும்பு கழன்று கையில் வந்துவிடும் என்பது அவன் கட்சி.

பேசியது வலான்ஸ் முதியோர் இல்லத்து நர்ஸ்.

"மேடம், உங்க அப்பா தூக்கத்திலேயே போயிட்டாரு. காலையில காபி கொண்டு போனப்பதான் பார்த்தோம். கஷ்டப்படல, அது நிச்சயம்."

"சரி. நன்றி" என்றாள் பிளாந்தின்.

நர்ஸ் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். அழுகைக்காக இருக்கலாம். பிறகு, "அடிச்சுப் புடிச்சு ஓடி வர வேணாம், சாயங்காலத்துக்குள்ள வந்தா போதும். உங்க தம்பிக்கு நாங்க சொல்லிடவா?" என்று கேட்டாள்.

"வேண்டாம். அவன் இங்கதான் இருக்கான். நான் சொல்லிக்கிறேன்."

சொல்லத்தான் போனாள். ஆனால் ரெஜீஸ் தலையைத் தூக்கி, "போன்ல யாரு, அக்கா?" என்று கேட்டபோது, வாய் தானாக "ஆபீஸ்" என்றது.

"ஞாயித்துக்கிழமைகூடவா? அந்த நகராட்சி உன்னை உறிஞ்சிட்டு வெறும் கூட்டைத்தான் வெளியில போடும் பாரு" என்று சொல்லிவிட்டு அவன் சைக்கிளில் ஏறிக் கிளம்பினான். அவள் தொலைபேசியின் ஓசையை நிறுத்தி, முதுகுப்பக்கப் பையில் போட்டுக்கொண்டு பின்னால் போனாள்.

பாதை எரியூ ஆற்றை விட்டுப் பிரியாமல் மேலேறியது. ஒரு காலத்தில் ரயிலுக்காக வெட்டி, இப்போது சைக்கிளுக்கு விட்ட பாதை என்பதால் ஏற்றம் ஏற்றமாகவே தெரியாது. கால்தான் மெல்லக் கனக்கும். மே மாதத்து ஆறு கீழே பாறைகளுக்கு நடுவில் வெள்ளையாகப் போய்க்கொண்டிருந்தது. அடுத்த வளைவில் சொல்லிவிடலாம் என்று அவள் நினைத்தாள். வளைவு வந்தது, போனது. ரெஜீஸ் முன்னால் ஏதோ பாட்டை விசிலடித்துக்கொண்டு போனான்.

அவன் விசிலடித்துக் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. போன இலையுதிர் காலத்தில் அவன் மனைவி குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போர்தோவுக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு லியோனில் இருந்த அவன் வீட்டுக்கு இவள் போகும்போதெல்லாம் ஜன்னல் கதவுகள் சாத்தியே கிடக்கும். இந்தச் சவாரிக்கே மூன்று முறை கூப்பிட்டு, நான்காவது முறை அதட்டித்தான் வரவைத்திருந்தாள். இப்போது அவன் தோள்கள் இறுக்கம் விட்டு இறங்கி இருந்தன. அதைப் பார்த்துக்கொண்டே மிதித்தாள்.

தனக்குள் என்ன இருக்கிறது என்றும் தேடிப் பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை. அப்பா செத்துப்போய்விட்டார் என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். கடையைச் சாத்திவிட்டார்கள் என்று சொன்னால் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது. கையில் மட்டும்தான் உணர்ச்சி மாறிக்கொண்டிருந்தது. சரளையின் அதிர்வில் சுண்டுவிரலும் அதற்கடுத்த விரலும் மரத்துப் போயிருந்தன. அது எப்போதும் நடப்பதுதான்.

கல்பாலம் ஒன்றைத் தாண்டும்போது அவள் பின்டயர் பஞ்சரானது.

"கூர்க்கல்லாத் தேடிப் பார்த்து ஏத்துறதுக்கு ஒரு தனித் திறமை வேணும்" என்றான் ரெஜீஸ். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றி, டியூபை உருவினான். "நீ கைய வைக்காத. போன தடவை நீ மாட்டின டயர் எனக்கு இன்னும் கனவுல வருது."

"பேசாம வேலையப் பாருடா."

"நகராட்சி அதிகாரி உத்தரவு போட்டுட்டாங்க."

அவன் சிரித்தான். அவள் புது டியூபை நீட்டினாள். இப்போது சொன்னால் அவன் கையில் இருக்கிற டயர் அப்படியே நிற்கும், இருவரும் பாலத்தின் நடுவில் மாட்டிக்கொள்வார்கள். மாட்டி முடிக்கட்டும் என்று விட்டாள். மாட்டி முடித்ததும் அவன் ஏறிப் போய்விட்டான்.

ல ஷெய்லாருக்குக் கொஞ்சம் முன்னால், நிலையமாக இருந்து உணவுக்கடையாக மாறிய கட்டடத்தில் சாப்பிட உட்கார்ந்தார்கள். ரெஜீஸ் கீரையும் பன்றிக்கறியும் சேர்த்த 'கையெத்' உருண்டையும், அதற்குப் பிறகு செஸ்ட்நட் கேக்கும் வாங்கினான். அவள் தட்டில் இருந்ததை அவளும் முழுக்கச் சாப்பிட்டாள். பசித்தது. அது அவளுக்கே விசித்திரமாக இருந்தது.

"அக்கா, அடுத்த மாசம் அப்பாவை இங்க கூட்டிட்டு வரலாம்" என்றான் அவன் வாய் நிறையக் கேக்கோடு. "கார்லதான். இந்தப் பந்தலுக்குக் கீழ உக்கார வெச்சு ஆத்தைக் காட்டலாம். போன தடவை போனப்ப என்ன சொன்னாரு தெரியுமா? 'ரெஜீஸ், நீ இன்னும் முன் பிரேக்கைத்தான் புடிக்கிறியா'ன்னு. எல்லாம் ஞாபகம் இருக்கு மனுஷனுக்கு."

"கூட்டிட்டு வரலாம்" என்றாள் பிளாந்தின்.

வார்த்தை வெளியே போனபின்தான் அதன் எடை தெரிந்தது. இனி எப்போது சொன்னாலும் இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கும். தண்ணீர்க் குவளையைக் காலி செய்துவிட்டு எழுந்தாள்.

அவர்கள் ஊருக்குள் நுழைவதற்குள்ளாகவே ரெஜீஸின் தொலைபேசி அடித்தது. ஞாயிறு தவறாமல் இல்லத்துக்குப் பூங்கொத்தோடு போகிற சித்தி மகள் சோலாஞ்ச். அவன் ஒரு காலை ஊன்றி நின்றபடி எடுத்தான். "சொல்லு" என்றான். பிறகு கேட்டுக்கொண்டே இருந்தான். கடைசியில், "அக்கா என்கூடத்தான் இருக்கா" என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை இறக்கினான்.

"காலையிலேயே உனக்குச் சொல்லிட்டாங்களாமே."

"ஆமா."

"ஆபீஸ்னு சொன்னியே, அதா?"

"அதுதான்."

"நான் கேக் தின்னுட்டு இருந்தேன்க்கா." அவன் குரல் உயரவில்லை. "அவரை இங்க கூட்டிட்டு வரலாம்னு சொன்னேன். நீ சரின்னு சொன்ன. என் மூஞ்சியப் பார்த்துச் சரின்னு சொன்ன."

அவன் சைக்கிளைத் திருப்பினான். வந்த வழியே, கீழ்நோக்கி, சரளை தெறிக்கப் போனான்.

பிளாந்தின் துரத்தவில்லை. தன் வேகத்தில் இறங்கினாள். ஏன் சொல்லவில்லை என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்தாள். முதலில் வாய் வரவில்லை, பிறகு அவன் சிரித்தான், அதன் பிறகு நேரம் கடந்துவிட்டது. இதற்குமேல் காரணம் எதுவும் இல்லை.

கல்பாலத்தைத் தாண்டி ஆற்றுக்கு இறங்குகிற ஒற்றையடிப் பாதையில் அவன் சைக்கிள் கிடந்தது. அவன் தண்ணீரை ஒட்டி ஒரு பாறையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். அவள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். விரட்டுவான் என்று எதிர்பார்த்தாள். விரட்டவில்லை.

"நீ அழலையா?" என்று கேட்டான்.

"வரல."

"அவரு உனக்கும் அப்பாதானே?"

"வியாழக்கிழமை போயிருந்தேன்" என்றாள் அவள். "சூப்பை ஊட்டி விட்டேன். பாதி சாப்பிட்டுட்டு, 'உங்க பேர் என்னம்மா'ன்னு கேட்டாரு. சொன்னேன். 'எனக்கும் அந்தப் பேர்ல ஒரு பொண்ணு இருந்தா, ரொம்பச் சின்ன வயசுலயே செத்துட்டா'ன்னாரு. என் கையத் தட்டிக் குடுத்து ஆறுதல் வேற சொன்னாரு."

ரெஜீஸ் திரும்பிப் பார்த்தான். "இதை நீ சொல்லவே இல்லையே."

"போன வருஷத்துல இருந்தே அப்படித்தான். நீ வர்றப்ப உன்னை அடையாளம் தெரியும். பிரேக்கைப் பத்திப் பேசுவாரு. நீ சந்தோஷமாத் திரும்பிப் போவ. அதுல போய் எதுக்கு மண்ணள்ளிப் போடணும்னு விட்டுட்டேன்."

"எல்லாத்தையும் நீயே முடிவு பண்ணுவியா? நான் எப்ப சிரிக்கலாம், எப்ப அழலாம்னு?"

அது நியாயமான கேள்வி என்று அவளுக்குத் தோன்றியது. "தப்புதான்" என்றாள். அவன் ஆற்றில் கைவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டான். "வா, இருட்டுறதுக்குள்ள போகணும்" என்றான். கார் வரைக்கும் அவன் முன்னால், அவள் பின்னால்.

இல்லத்தில் அப்பாவை வெள்ளைத் துணி போர்த்திப் படுக்க வைத்திருந்தார்கள். சைக்கிள் உடையிலேயே, முழங்கால் வரை புழுதியோடு, இருவரும் உள்ளே போனார்கள். ரெஜீஸ் குனிந்து அப்பாவின் நெற்றியில் முத்தமிட்டான். அவள் கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். எந்தச் சட்டை போட்டுவிடட்டும் என்று நர்ஸ் கேட்டதற்கு, அலமாரியைத் திறந்து நீலச்சட்டையை எடுத்துக் கொடுத்தாள். காலரில் ஒரு நூல் பிரிந்திருந்தது. அதைப் பல்லால் கடித்து எடுத்தாள்.

அடக்கம் முடிந்ததும் ரெஜீஸ் லியோனுக்குப் போனான். கோடை முழுக்கக் கூப்பிடவில்லை. அவள் கூப்பிட்டபோது இரண்டு வார்த்தையில் முடித்துக்கொண்டான். சோலாஞ்ச் மட்டும், "அவ்வளவு நேரம் எப்படிடி சைக்கிள் ஓட்டின?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். "மிதிச்சா போகும்" என்று ஒருமுறை சொன்னதும் அவளும் நிறுத்திவிட்டாள். பிளாந்தின் ஆபீஸுக்குப் போனாள், வந்தாள். வியாழக்கிழமைகளில் மட்டும் கார் சாவியை எடுத்துவிட்டு, மறுபடி ஆணியிலேயே மாட்டுவாள்.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை, காரின் கூரையில் சைக்கிளைக் கட்டிக்கொண்டு அவன் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றான்.

"சேந்த்-அக்ரேவ் வரைக்கும் போலாமா? பாதை முடியுற இடம் வரைக்கும்."

"தூரம்டா."

"தெரியும். ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். உனக்கு ஏதாச்சும் போன் வந்தா, அங்கேயே நிறுத்து. நான் எவ்வளவு முன்னாடி போயிருந்தாலும் கத்து."

"கத்தறேன்" என்றாள்.

ல ஷெய்லாரைத் தாண்டியதும் பள்ளத்தாக்கு குறுகி, ஊசியிலைக் காடு இருபுறமும் நெருங்கியது. மேலே போகப் போகக் காற்று குளிர்ந்தது. ரெஜீஸ் அவ்வப்போது எதையாவது பேசிக்கொண்டு வந்தான். பிற்பகலில் மேட்டு நிலத்துக்கு ஏறிச் சேர்ந்தார்கள். பாதையின் முடிவில் ஒரு கார் நிறுத்துமிடமும், சாயம் போன ஒரு பெஞ்சும்தான் இருந்தன.

அவன் ரொட்டியையும் ஆட்டுப்பால் சீஸையும் எடுத்துப் பெஞ்சில் வைத்தான். அவள் கத்தியால் ரொட்டியை அறுத்தாள். அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. எதையாவது கேட்பான் என்று நினைத்தாள். அவனோ தன் கம்பளிச் சட்டையைக் கழற்றி, "காத்தடிக்குது, போட்டுக்க" என்று நீட்டினான். அது அவளுக்குப் பெரிதாக இருந்தது. அவள் அதன் கைகளை மடித்துவிட்டுக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தாள்.