கட்டைவிரலுக்குப் பதில் ஒரு சாஸேஜ்

கராஜுக்குள் வந்த டெலோரஸின் கையில் விரல் தடிமனில் வேகாத இறைச்சி சாஸேஜ் ஒன்று இருந்தது. மேசை ரம்பத்தை இயக்கும் மஞ்சள் சாவி அவள் கழுத்தில் தொங்கியது. கணவன் ஆர்விட்டின் கட்டைவிரலில் தையல் விழுந்த அன்றே பிடுங்கிக்கொண்டுவிட்டாள். இன்றைய சோதனையில் தேறினால் சாவி அவனுக்கு, இல்லாவிட்டால் ரம்பம் பக்கத்து வீட்டு கோர்டிக்கு. சுத்தியலையே ஒழுங்காகப் பிடிக்கத் தெரியாத கோர்டிக்கு! நினைத்தாலே ஆர்விட்டுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நாற்காலிக் காலின் துளைக்குள் குறுக்குச் சட்டம் இறங்க, சட்டத்தின் முனையில் கழுந்து என்கிற நாக்கை அறுக்க வேண்டும். சட்டத்தை நட்டமாக நிறுத்தி ரம்பத்தில் தள்ளுகிற வேலை அது. வெறும் கையில் பிடித்தபோது சட்டம் நழுவிவிட்டது என்றுதான் ஊருக்கெல்லாம் சொல்லியிருந்தான். அதனால் குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து ஒரு தாங்கி செய்தான். அது சட்டத்தைக் கவ்விக்கொள்ளும். கை தூரத்தில் கைப்பிடியில் இருக்கும்.

"உன் விரல் எங்க இருக்குமோ அங்க இதைக் கட்டு" என்று சாஸேஜை நீட்டினாள்.

"யாராவது பார்த்தா சிரிப்பாங்க, டெலோரஸ்."

"ஆஸ்பத்திரியிலயும்தான் சிரிச்சாங்க. கட்டு."

கட்டினான். அவள் சாவியைச் செருகினாள். விளக்குமாற்றுக் காம்பால் தாங்கியைத் தள்ளினான். ரம்பம் அலறிக்கொண்டே சட்டத்தை அறுத்தது. சாஸேஜில் ஒரு கீறல் இல்லை. கழுந்தின் அறுத்த பக்கம் வெண்ணெய்போல் வழவழவென்றிருந்தது. ஆர்விட்டுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. சுவிட்சை அணைத்தான். இன்னும் சுற்றிக்கொண்டிருந்த ரம்பப் பல்லருகே கிடந்த துண்டை எடுக்கக் கையை நீட்டினான்.

டெலோரஸ் அவன் கால்சட்டை வாரைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள்.

"அன்னிக்கும் இப்படித்தானே கையை விட்டே? சட்டம் நழுவிச்சாம்ல?"

அவன் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

"தாங்கி தேறிடுச்சு. நீ தேறல."

"அப்போ கோர்டிக்குக் குடுத்துடுவியா?"

சூப்பர்மார்க்கெட்டில் தினமும் இறைச்சி அறுக்கும் மெஷினோடு மல்லுக்கட்டுகிறவள் அவள். அறுபட்ட கழுந்தை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு அவனுடைய பாதுகாப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"கையைப் பையில போடு. ரெண்டையும்."

அவள் அறுத்த இரண்டாவது கழுந்து அவனுடையதைவிடச் சுத்தமாக வந்தது. ஆர்விட்டுக்குப் பொறாமையாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. அவள் ரம்பம் நிற்கும்வரை அசையாமல் காத்திருந்து, அடுத்த சட்டத்தை எடுத்தாள். பறந்து வந்த மரத்தூள் அவன் மூக்கில் படிந்தது. அரிப்புத் தாங்கவில்லை. கைகள் பைக்குள்ளேயே இருந்தன.