தலைக்குள் ஒரு புது வழி

பள்ளி வேனை நிறுத்திச் சாவியைத் திருப்பிய பிறகும் சத்தம் ஓயவில்லை. உஸ்… உஸ்… என்று சீராக வந்துகொண்டிருந்தது. ஓட்டி வந்தவள் இறங்கிப் போய் பானெட்டைத் திறந்து பார்த்தாள். விசிறி சும்மா கிடந்தது. மணிக்கட்டில் விரல் வைத்தாள். நாடியின் அதே தாளம். “அட, நீயா?” என்று வாய்விட்டே கேட்டுவிட்டாள்.

போன வருடத்துக்கு முந்தைய வருடம் இதே சத்தத்தோடுதான் ஆஸ்பத்திரிக்குப் போனாள். மூளையை மூடிய சவ்வில், சேரக்கூடாத தமனியும் சிரையும் சேர்ந்துகொண்டதாகச் சொன்னார்கள். தொடை வழியாக மெல்லிய குழாயை ஏற்றிப் பசை விட்டு அடைத்தார்கள். மறுநாள் வலது காதில் அப்படியொரு அமைதி. தலையணை உறை சரசரப்பதுகூடக் கேட்டது.

கண்ணாடிக் கடை வேலை முடிந்து வந்த கணவனைச் செருப்பைக்கூடக் கழற்ற விடவில்லை. “என் காதோட உங்க காத ஒட்டி வைங்க” என்றாள். வைத்தவனின் முகம் வெளுத்தது.

“கேக்குதுடி.”

“உங்களுக்கும் கேக்குதா? நெஜமாவா? எப்படி இருக்கு, சொல்லுங்களேன்!”

“வெளையாடாத. மொதல்ல டாக்டரம்மாகிட்ட போவோம்.”

அவளுக்கும் கலக்கம் இல்லாமலில்லை. ரத்தம் கசியலாம், சட்டென்று நினைவு தப்பலாம் என்று அன்றே எச்சரித்திருந்தார்கள். விடிந்ததும் வேன் முதலாளியிடம் சாவியை நீட்டினாள். “புள்ளைங்க உக்கார்ற வண்டிண்ணே. சரியானதும் வர்றேன்.” வேனை ஒருமுறை சுற்றி வந்து பார்த்துவிட்டுத்தான் கிளம்பினாள்.

டாக்டரம்மா ஸ்கேனை வெகுநேரம் பார்த்தார். “நாங்க அடைச்சது அப்படியேதான் இருக்கு. வேற வழி எங்கயோ தொறந்திருக்கு. உள்ள போய்ப் பாத்தாத்தான் தெரியும். மறுபடி அடைக்கலாம். ஆனா திரும்ப வரவே வராதுன்னு என்னால எழுதிக் குடுக்க முடியாதும்மா.”

கணவன் அவள் கையை இறுகப் பற்றினான். அவளோ, “போன தடவ மயக்கத்துல இருந்தேன். இந்தத் தடவ நானும் பாக்கலாமா?” என்றாள்.

“படம் எடுக்கறப்ப முழிச்சுதான் இருப்பீங்க. தலைய மட்டும் அசைக்கக் கூடாது.”

சோதனையறையில் திரையை அவள் பக்கம் சாய்த்து வைத்தார்கள். ரத்தக்குழாய்களைப் படத்தில் காட்டும் மருந்து ஏறியதும் பாதி முகம் சூடாகி, மூடிய இமைக்குள் மின்னல் வெட்டியது. கண் திறந்தால், சாம்பல் நிறத்தில் கறுப்பு ஓடைகள் கிளைவிட்டுக்கொண்டிருந்தன.

“அதோ, புது வழி” என்றார் டாக்டரம்மா.

அவள் நினைத்திருந்த வலப்பக்கமே இல்லை. இடப்பக்கத்திலிருந்து நூலளவு கோடு ஒன்று நடுமண்டையைத் தாண்டி வளைந்து வந்து, மற்ற சிரைகள் நிரம்பும் முன்பே அந்தப் பழைய சிரையைத் தொட்டிருந்தது.

உதட்டை மட்டும் அசைத்தாள். “டாக்டர், அத இன்னொரு தடவ போடுங்களேன்.”

ஒன்றுமில்லாத சாம்பல் வெளியில் அந்தக் கோடு மறுபடி மெல்லப் புறப்பட்டது.